விழவே விடாத மிதவை

பலகையில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்பதில்தான் முதல் குழப்பம்.

டென்மார்க்கிலிருந்து கொச்சி வரைக்கும் கப்பலிலும், கொச்சியிலிருந்து கோயமுத்தூருக்கு லாரியிலும் வந்து சேர்ந்த அந்தப் பலகை, கணபதியில் இருக்கும் ‘திருமூர்த்தி ஃபைபர்ஸ்’ பட்டறையில் இரண்டு முக்காலிகளின் மேல் மல்லாந்தோ குப்புறவோ கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம். வெள்ளை நிறம். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. பட்டறையின் பதினோரு தொழிலாளிகளும் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள்.

“வழவழன்னு இருக்கறதுதானுங்க மேல் பக்கம். உக்கார்றதுக்குச் சொகமா இருக்குமல்லங்க?” என்றார் மேஸ்திரி கலீல் ரஹ்மான்.

“இது நிக்கறதுக்குங்க பாய். வழுக்காம நிக்கோணும். சொரசொரப்புதான் மேலே” என்றார் முதலாளி திருமூர்த்தி.

சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த ஆடி மாதத்தில் அவர் சொல்லி முதல் தடவையே சரியாக வந்தது அது ஒன்றுதான்.

செய்தி கேள்விப்பட்டு அவருடைய சகலை பொங்கியண்ணன் வந்துவிட்டார். பீளமேட்டில் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் மனிதர். ஒரே ஒரு தடவை கென்யாவுக்கு மோட்டார் பம்பு மூடிகள் அனுப்பியவர். அது நடந்து ஆறு வருஷம் ஆகியும், சீர் என்றாலும் சடங்கு என்றாலும் பந்தியில் உட்கார்ந்ததும் கென்யா வந்துவிடும்.

“இதென்னுங்க சகலை, கதவா?”

“கதவில்லீங்க. இது மேல ஏறி நின்னு, பாய்மரப் பாயைப் புடிச்சுட்டு, வெள்ளைக்காரங்க கடல்ல போவாங்க.”

“நின்னுட்டா?”

“நின்னுட்டுத்தானுங்க.”

“உக்காந்துட்டுப் போனா என்னுங்க கேடு?”

திருமூர்த்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிற்பதில் இருக்கும் சிரமத்தை விளக்கினார். புதிதாகப் பழகுகிறவன் இந்தப் பலகையில் ஏறினால் நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரில் விழுவான். சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பின்சக்கரத்தின் இருபுறமும் குட்டிச் சக்கரம் மாட்டுவோமே, அதுபோல இந்தப் பலகையின் குறுக்கே ஒரு குழாயைப் போட்டு, இரு முனையிலும் ஒவ்வொரு மிதவையை மாட்டிவிட்டால் பலகை சாயாது. ஆளும் விழமாட்டான். பாய் வைத்த பலகைக்கும் மாட்டலாம், அலைமேல் சறுக்கும் பலகைக்கும் மாட்டலாம்.

“அந்த மிதவையைத்தானுங்க நாம செய்யப் போறோம். டென்மார்க்குக்கு எக்ஸ்போர்ட்டு” என்று முடித்தார். எக்ஸ்போர்ட் என்ற சொல்லைச் சொல்லும்போது சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்டர் வந்த கதை சின்னதுதான். ஒரு தொழிற்காட்சியில் திருமூர்த்தி கடை போட்டிருந்தார். ஹென்ரிக் என்ற டென்மார்க்காரர் வந்து, அவர் செய்த ஃபைபர் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். ஓசை பிடித்துப்போயிற்று. பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து, “இதைச் செய்ய முடியுமா?” என்று கேட்டார். கோயமுத்தூர்க்காரரிடம் ‘முடியுமா’ என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? வரைபடம் பாதி விரிவதற்குள் திருமூர்த்தி “முடியுமுங்க” என்று சொல்லிவிட்டார். ஊரில் மாவாட்டும் இயந்திரமா, கிணற்று மோட்டாரா, நூல் நூற்கும் ராட்டையா, எதைப் பார்த்தாலும் அப்படியே செய்துவிடுகிறார்கள். இது கடல் சாமான் என்பதும், கடல் இங்கிருந்து நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் ஒரு தடையாக அவருக்குத் தோன்றவில்லை. மிதவையை மாட்டிச் சோதித்துப் பார்க்க ஒரு பலகையையும் பாயையும் ஹென்ரிக் ஊருக்குப் போய் அனுப்பிவைத்தார்.

உள்ளே வேறொரு காரணமும் இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் ஊரெங்கும் மொட்டைமாடி ஏறிக்கொண்டிருந்தன. ஃபைபர் தொட்டி கேட்டு வருபவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் தைப்பொங்கலுக்குப் பிறகு பதினோரு பேரில் பாதிப்பேரை நிறுத்த வேண்டிவரும். இது அவருக்கும் அவர் மனைவி புவனாவுக்கும் மட்டும் தெரியும். தெரிந்ததாலேயே, மற்றவர்கள் முன்னால் அவர் நெஞ்சு இன்னும் நிமிர்ந்து நின்றது. பெயர்ப்பலகையில் ‘எக்ஸ்போர்ட்டர்ஸ்’ என்று சிவப்பு எழுத்தில் சேர்த்து எழுதியும் ஆகிவிட்டது.

ஹென்ரிக் ஆடி இருபதாம் தேதி நேரில் வருகிறார். மிதவை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

முதல் ஜோடி நான்கே நாளில் தயாரானது. கண்ணாடி நார் விரிப்பை ரெசின் பசையில் நனைத்து இரண்டு அடுக்கு போட்டால் போதும் என்று வரைபடத்தில் இருந்தது.

“ரெண்டா? ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு ரெண்டே ரெண்டு இட்லி வெச்ச மாதிரியல்ல இருக்குது! ஆறு போடுங்க பாய். நம்ம சாமான் அங்க போயி ஒடஞ்சுதுன்னு பேர் வரக்கூடாது.”

கலீல் ரஹ்மான் தன் பங்குக்கு இரண்டு சேர்த்து எட்டாகப் போட்டார். பட்டறைக்குப் பின்னாலிருந்த பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பலகையை இறக்கி, மிதவைகளை மாட்டினார்கள். மிதவைகள் ஒருகணம் யோசித்தன. பிறகு இரண்டும் சேர்ந்து பலகையையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போய்ச் சேர்ந்தன.

எல்லோரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஆனா ஒடையலீங்க மொதலாளி” என்றார் கலீல் ரஹ்மான்.

சங்கிலி போட்டு மேலே இழுத்தபோது ஒரு மிதவை சுவரில் மோதியது. அது உடையவில்லை. தொட்டிதான் உடைந்தது. பட்டறை முழுக்க முழங்கால் தண்ணீர் ஓடி, மிதவை வார்க்கும் அச்சுகளில் ஒன்று வாசல்வரை போய்க் கதவில் இடித்து விரிசல் விட்டது.

அச்சைச் சரிசெய்து இரண்டாம் ஜோடியை வார்த்தார்கள். இந்த முறை இரண்டே அடுக்கு. எடை குறைந்தது. ஆனால் விரிசல் விட்ட அச்சைச் சற்று அகட்டித்தான் ஒட்டியிருந்தார்கள். அதனால் வலது மிதவை இடது மிதவையைவிட ஒரு பூசணிக்காய் அளவு பருத்துவிட்டது. அவசரத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

பலகை இறங்கும் அளவுக்கு வேறு தொட்டி இல்லை. எனவே சோதனையை வெளியே நடத்தவேண்டி வந்தது. சத்தி ரோட்டில் அன்னூரைத் தாண்டி ஒரு பெரிய குளம். நல்ல மழை பெய்து நிறைந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று அங்கே யாரையும் கேட்காமல் வீசும். அந்தக் குளத்தில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் செங்கோடன் என்பவரிடம்தான் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

“செய்யுங்க, வேண்டாங்கல. ஆனா அக்கட்டால கோரைப் பொதருகிட்ட மட்டும் வந்துராதீங்க. அங்க வலை கட்டியிருக்கறனுங்க” என்றார் செங்கோடன்.

முதலில் ஏறியவர் கலீல் ரஹ்மான். கடலூரில் பிறந்தவர் என்ற ஒரே தகுதியின் பேரில். பாயைத் தூக்கினார். காற்று பிடித்தது. பலகை கிளம்பியது. பருத்த மிதவை தண்ணீரை அதிகமாகத் தள்ளியதால் வலது பக்கமாகத் திரும்பியது. மறுபடியும் வலது பக்கமாகத் திரும்பியது. செக்கு மாடு மாதிரி அவர் ஒரே இடத்தில் ஏழு சுற்றுச் சுற்றினார்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வள்ளியாத்தாள் என்ற பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திருமூர்த்தியிடம் வந்தாள்.

“ஏனுங்க, அந்த பாய் அங்க என்னத்தையுங்க தொலைச்சுப்போட்டாரு?”

“தொலைக்கலம்மா, சோதனை பண்றாரு.”

“பாவமுங்க, கெடைச்சா சரி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கலீல் ரஹ்மான் தலைசுற்றலோடு கரையேறி மணலில் படுத்துக்கொண்டார். திருமூர்த்திக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. “ஏழு சுத்து! ஒருக்காவாச்சும் விழுந்தாராப்பா? அதுதான் நம்ம மிதவை!” என்று எல்லோரிடமும் சொன்னார்.

சின்ன மிதவையைப் பெரிதாக்கினார்கள். இப்போது இரண்டும் ஒரே அளவு. இரண்டுமே மிகப் பெரியவை. பலகை நேராகத்தான் இருந்தது, ஆனால் நகரவில்லை. எவ்வளவு காற்றடித்தாலும் நிலைக்கு வந்த தேர்போல நின்றது. அதன் மேல் ஒரு தொழிலாளி உட்கார்ந்து நிதானமாக டீ குடித்து முடித்தான். அதையும் திருமூர்த்தி பெருமையாகவே எடுத்துக்கொண்டார். பிறகு செதுக்கிச் செதுக்கி, நான்காவது ஜோடியில் அளவு பிடிபட்டது. பலகை நேராகப் போனது, அளவான வேகத்தில் போனது, சாயவே இல்லை.

அன்று மாலை டென்மார்க்கிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. மிதவைகளைக் கருவி எதுவும் இல்லாமல் இரண்டே நிமிடத்தில் மாட்ட முடிய வேண்டும் என்று ஹென்ரிக் எழுதியிருந்தார். இவர்கள் செய்திருந்ததில் எட்டு போல்ட்டுகள். இரண்டு ஸ்பேனர்களோடு மூன்று பேர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயில் செருகும் ஊசிகளை வைத்தார்கள். ஊசி உள்ளே போக மறுத்தது. சுத்தியலால் அடித்தார்கள். போய்விட்டது, அதற்குப் பிறகு வெளியே வர மறுத்தது. துளையை ராவிப் பெரிதாக்கி, பஸ் பட்டறையிலிருந்து வாங்கிவந்த கிரீஸைத் தடவியதும், வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல இறங்கியது. கலீல் ரஹ்மான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மாட்டினார். ஒரு நிமிடமும் பத்து வினாடியும்.

“டென்மார்க்கில ரெண்டு நிமிசமுங்க. கணபதியில ஒண்ணேகால்!” என்று திருமூர்த்தி அவர் தோளில் தட்டினார்.

ஆடி பதினெட்டாம் தேதி இன்னொரு ஃபேக்ஸ். ‘பலகையில் ஒரு தடவைகூட ஏறாத, நிஜமாகவே புதிய ஆள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். படம் எடுத்து எங்கள் நிறுவனத்தில் காட்ட வேண்டும்.’

அப்போதுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு பேரும் குறைந்தது முப்பது தடவை ஏறியாகிவிட்டது. திருமூர்த்தி ஒருவர்தான் ஏறாதவர். அவருக்கு நீச்சல் தெரியாது. “மொதலாளின்னா கரையில நின்னு பாக்கோணும், அப்பத்தான் குறை தெரியும்” என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தார்.

“வெளியாளு யாரையாச்சும் கூப்புடலாமுங்க” என்றார் கலீல் ரஹ்மான்.

அந்த நேரம் பார்த்துப் பொங்கியண்ணன் வந்து சேர்ந்தார். “சகலை, உங்க மிதவை யாரையும் விழவே விடாதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமா?”

“ஆமாங்க. ஆரு வேணும்னாலும் நிக்கலாம்.”

“நானு?”

“நீங்களுந்தான்.”

“அப்ப நானே நிக்கறனுங்க. கென்யாக்காரன் எதுக்க நின்னவன் நானு, டென்மார்க்காரன் எதுக்க நிக்கமாட்டனா?”

சகலையின் உடம்பு நூற்றுப் பத்து கிலோ. அவரையே தாங்கினால் உலகத்தையே தாங்கிய மாதிரி என்று திருமூர்த்திக்குத் தோன்றியது. சரியென்றுவிட்டார்.

இருபதாம் தேதி காலையிலேயே குளக்கரையில் கூட்டம் கூடிவிட்டது. பொங்கியண்ணன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் சட்டையுமாக, தன் பட்டறை ஆட்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். புவனா வெள்ளைக்காரருக்காகக் காரமில்லாமல் சமைத்துப் பெரிய கேரியரில் கொண்டுவந்திருந்தாள். ஹென்ரிக்கின் கார் இன்னும் வரவில்லை.

“ஒருக்கா ஏறிப் பாத்துக்கட்டுமா?” என்று கேட்டார் பொங்கியண்ணன்.

“அய்யோ, வேண்டாமுங்க. ஏறிட்டா நீங்க புது ஆளு இல்லாம போயிருவீங்க.”

“ஒரு காலை மட்டும் வெக்கறனுங்க.”

ஒரு காலை வைத்தார். வைத்தது பலகையின் நுனியில். பலகையின் மறுமுனை எழுந்து வணக்கம் சொன்னது. மற்றொரு கால் செம்மண் சேற்றில் வழுக்கியது. பொங்கியண்ணன் கஞ்சி போட்ட வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார். அவரை எழுப்ப நாலு பேர் வேண்டியிருந்தது. எழுந்தபோது வேட்டி செங்கல் நிறத்தில் இருந்தது.

“இது மிதவையோட குத்தமில்லீங்க. நுனியில ஆரும் கால் வெக்கமாட்டாங்க” என்று திருமூர்த்தி அவசரமாகச் சொன்னார்.

“குத்தம் ஆரோடதா வேணும்னாலும் இருக்கட்டும். எனக்குக் காலையில தின்ன பணியாரம் ஒத்துக்கல. நான் கரையிலயே நிக்கறேன்.”

அவருடைய ஆட்களைக் கேட்டுப் பார்த்தார்கள். முதலாளியே விழுந்த தண்ணீரில் இறங்க ஒருவரும் தயாராக இல்லை. ஆடு மேய்க்கும் வள்ளியாத்தாளைக் கேட்டார்கள். “அந்த பாய் மாதிரி என்னைச் சுத்த உட்டுருவீங்க” என்று அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

அப்போது ரோட்டில் வெள்ளைக் கார் திரும்பியது. ஹென்ரிக் இறங்கினார். தாடி வைத்த, நெட்டையான மனிதர். கழுத்தில் காமிரா. சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். “ஆள் தயாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திருமூர்த்தி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு பேரின் முகங்களும் வரிசையாகத் தெரிந்தன. தைப்பொங்கல் தெரிந்தது. ‘நானே ஏறுகிறேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“நான் ஏறறனுங்க” என்றது ஒரு குரல்.

கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் புவனா நின்றுகொண்டிருந்தாள்.

“நீயா? உனக்கென்ன பைத்தியமா? சீலையைக் கட்டிட்டு...”

“சீலைய இழுத்துச் செருகிக்கறனுங்க. அந்தியூர்ல எங்க தோட்டத்துக் கெணத்துல மேட்டுல இருந்து குதிச்சு நீச்சலடிச்சவதான் நானு. விழுந்தா நீந்தி வந்துக்குவேன். உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாது.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. திருமூர்த்தி அவளைத் தனியே இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“புவனா, காத்து வெசையா அடிக்குது. ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஆர்டர் போனாப் போகுது.”

புவனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “விழவே விடாதுன்னு ஒரு மாசமா ஊட்டுல வேற பேச்சே இல்லாம சொல்லிட்டு இருந்தீங்கல்ல? உங்க சாமான் மேல உங்களுக்கே நம்பிக்கையில்லீங்களா?”

இதற்கு மேல் ஓர் எஞ்சினீயர் என்ன பேச முடியும்? அவர் படித்தது ஐ.டி.ஐ.தான், ஆனால் அந்தக் கணத்தில் எஞ்சினீயராகவே உணர்ந்தார்.

“ஏறு” என்றார்.

கலீல் ரஹ்மான் மிதவைகளை மாட்டினார். ஹென்ரிக் கடிகாரம் பார்த்தார். ஒரு நிமிடமும் ஐந்து வினாடியும். ஹென்ரிக் புருவத்தை உயர்த்தினார். புவனா சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகி, அதன் மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பலகையில் முட்டிபோட்டு ஏறினாள். நான்கு பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார்கள்.

“எந்திரிச்சு நில்லுங்கம்மா! கவுத்தப் புடிச்சுப் பாயை மேல இழுங்க! முதுகை வளைக்காதீங்க!” என்று கலீல் ரஹ்மான் கத்தினார்.

முதல் தடவை பாய் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. இரண்டாவது தடவை பாய் எழுந்தது. பாயின் குறுக்குக் கட்டையைப் புவனா இரு கையாலும் பிடித்தாள். காற்று வந்து பாயை நிறைத்தது. நால்வரும் கையை விட்டார்கள்.

பலகை நகர்ந்தது. புவனா நின்றாள்.

கரை முழுக்க ஒரே கைதட்டல். அவளுக்குத் திருப்பத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. எனவே காற்று இழுத்த இழுப்புக்குப் பலகை இடது பக்கமாக ஒதுங்கி, போகவே கூடாது என்று சொல்லியிருந்த கோரைப் புதரை நோக்கிப் போனது. ஆளுயரக் கோரை.

“அம்மிணி, அக்கட்ட போகாதீங்க!” என்று கலீல் ரஹ்மான் அலறினார்.

புவனா கோரைக்குப் பின்னால் மறைந்தாள். பாயின் உச்சி மட்டும் தெரிந்தது. அது ஒரு தடவை இந்தப் பக்கம் சாய்ந்தது, ஒரு தடவை அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. திருமூர்த்தி செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். நீச்சல் தெரியாது என்பது முழங்கால் நனைந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அப்போதும் அவர் நிற்கவில்லை. கலீல் ரஹ்மான்தான் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

“புவனா!”

கோரையின் மறுபக்கத்திலிருந்து பாய் வெளியே வந்தது. அதன் கீழே புவனா. முன்பு முட்டி வளைந்து, பயந்து நின்றவள் இப்போது முதுகைப் பின்னால் சாய்த்து, தலையை நிமிர்த்தி நின்றிருந்தாள். பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. நடுக்குளத்தில் வெயில் பளபளவென்று கண்ணைக் கூச வைத்தது. அந்த ஒளிக்குள் ஆரஞ்சுச் சட்டையும் பச்சைச் சேலையும் சின்னதாகிக்கொண்டே போயின. அக்கரை மணலில் பலகை தட்டி நின்றதும் அவள் குதித்து இறங்கி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

கரையில் எழுந்த கூச்சலுக்கு ஆடுகள் சிதறி ஓடின. சேற்று வேட்டியோடு பொங்கியண்ணன் ஓடிவந்து திருமூர்த்தியைக் கட்டிக்கொண்டார்.

“ஒத்துக்கறனுங்க சகலை! இனி நான் கென்யாவைப் பத்திப் பேசமாட்டேன். குடும்பத்துக்கே பெருமை தேடித் தந்துட்டீங்க!”

திருமூர்த்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. பதினோரு பேரும் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எட்டு அடுக்குப் போட்டு மூழ்கடித்ததும், தொட்டி உடைந்ததும், செக்கு மாடு மாதிரிச் சுற்றியதும் எல்லாம் இப்போது ஒவ்வொரு படியாகத் தெரிந்தன. கடலுக்கு நூறு மைல் தள்ளி இருக்கும் மனிதர்கள், அன்னூர்க் குளத்தில், கடலுக்கான சாமானைச் செய்து காட்டிவிட்டார்கள்.

ஹென்ரிக் காமிராவை இறக்கவே இல்லை. இறக்கியபோது முகம் சிவந்திருந்தது. திருமூர்த்தியின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார்.

“இருபது வருஷமாக நான் இதை ஆட்களுக்குப் பழக்குகிறேன். முதல் நாளே இப்படி நின்ற ஆளை நான் பார்த்ததில்லை. உங்கள் மனைவி உண்மையிலேயே இதற்கு முன்னால் ஏறியதில்லையா?”

“சத்தியமா இல்லீங்க. அவ கடலைக்கூட ஒரே ஒருக்காத்தான் பாத்திருக்கறா, ராமேஸ்வரத்துல.”

“அதைவிட எனக்கு ஆச்சரியம் வேகம்தான். எங்கள் நாட்டில் செய்யும் மிதவைகள் எல்லாம் பலகையின் வேகத்தைத் தின்றுவிடும். உங்களுடையது வேகத்தைக் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லையே! மிதவையே இல்லாத பலகை மாதிரி அல்லவா போனது? இதை எப்படிச் செய்தீர்கள்?”

அது எப்படி என்று திருமூர்த்திக்கும் தெரியாது. ஆனால் அவர் புன்னகைத்தார். கொங்கு நாட்டுத் தொழில்கள் அத்தனையும் பின்னால் வந்து நிற்பதுபோல நின்றார்.

“அதுங்க, எங்க டிசைனுங்க. பாத்துப் பாத்துச் செதுக்குனது. வெளிய சொல்றதில்லீங்க.”

ஹென்ரிக் மரியாதையோடு தலையசைத்தார். காரின் முன்மூடிமேல் தாள்களை விரித்தார். முதல் தவணையாக இரண்டாயிரம் ஜோடி. பெரிய பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். திருமூர்த்தியும் போட்டார். போட்ட வேகத்தில் ‘தி’யின் சுழி தாளுக்கு வெளியே போயிற்று. கலீல் ரஹ்மான் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். எப்போது வாங்கிவைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“அக்கரைக்கு வண்டி அனுப்புங்க பாய். அம்மிணியைக் கூட்டிட்டு வரட்டும்” என்றார் திருமூர்த்தி. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பேச வேண்டும் போலிருந்தது. பேசினார்.

“எல்லாருங் கேட்டுக்கங்க. எங்க ஊட்டுக்காரிக்குப் பாய்மரம் தெரியாது, பலகை தெரியாது, காத்து எக்கட்டால இருந்து வருதுன்னுகூடத் தெரியாது. அவளை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேத்துனது அந்த ரெண்டு மிதவைதானுங்க. அது மட்டும் இல்லீன்னா அவளால அரை நிமிசங்கூட நின்னிருக்க முடியாது!”

கைதட்டல் அடங்கும் நேரத்தில், கோரைப் புதர்ப் பக்கமிருந்து ஒரு பரிசல் மெல்லச் சுழன்று வந்து கரையைத் தொட்டது. செங்கோடன் துடுப்பை வைத்துவிட்டு, கிழிந்த வலை சுற்றிக் கிடந்த இரண்டு வெள்ளை உருளைகளைத் தூக்கிக் கரைமேல் போட்டார்.

“ஏனுங்க, இது ரெண்டும் உங்க சாமானுங்களா? அம்மிணி கோரைக்குள்ள வந்தப்பவே ரெண்டும் கழண்டு என்ற வலையில மாட்டிக்கிச்சுங்க. எடுத்துக் குடுத்துரலாம்னு கூப்பிட்டுப் பாத்தேன், ‘வேண்டாமுங்க, இல்லாமப் போறதுதான் சுளுவா இருக்குது’ன்னு சொல்லிப்போட்டு அவங்க பாட்டுக்குப் போய்ட்டாங்க!”